மாதிரி ஒன்று, மரம் வேறு

படிக்கட்டுக் கைப்பிடிக்குக் கீழே வரிசையாக நிற்கும் கடைசல் கம்புகளை யாரும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை. நடுவில் ஒன்றின் இடுப்பு மட்டும் சற்றுத் தடித்திருந்தால் கண் அங்கேயே போய் நிற்கும். அந்த ஒழுங்குக்காகத்தான் மர லேத்தில், ஒரே மாதிரியை நகலெடுக்கும் டூப்ளிகேட்டர் பொருத்திக் கடையக் கற்றுக்கொண்டேன். கற்கக் கற்க, ஒரு மாதிரியைப் பின்பற்றி நடப்பது என்றால் என்ன என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

கம்பின் பக்கவாட்டு வளைவை முதலில் மெல்லிய பிளைவுட்டில் வெட்டி, லேத்தோடு சேர்த்து இறுக்க வேண்டும். தொடுமுனை ஒன்று அந்த விளிம்பை ஒட்டி ஊரும். அதனோடு பிணைந்த வெட்டுமுனை, சுழலும் கட்டையில் அதே வளைவைச் செதுக்கும். இரண்டு முனைகளின் உருண்டையும் ஒரே அளவில் இருக்க வேண்டும். வெட்டுமுனை பெரிதாகிவிட்டால் குழிவுகள் அகன்று, மணிகளாகப் புடைத்த இடங்கள் ஒடுங்கிப்போகும். வெட்டுமுனை கட்டையின் மைய உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், மெல்லிய கழுத்துகள் மாதிரியில் இருப்பதைவிடத் தடித்துவிடும்.

இந்த யோசனை பழையது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த தாமஸ் பிளான்சார்ட், துப்பாக்கியின் மரக்கட்டையைக் கடையும் இயந்திரத்துக்கு 1820இல் காப்புரிமை பெற்றார். வட்டமும் இல்லாத, சதுரமும் இல்லாத அந்தக் கோணல் உருவத்தை அதுவரை தேர்ந்த கைகள்தான் இழைத்தெடுத்தன. அவருடைய இயந்திரத்தில் மாதிரியும் கட்டையும் சேர்ந்தே சுழலும். மாதிரியைத் தொட்டு உருளும் சக்கரமும் கட்டையை வெட்டும் சக்கரமும் ஒரே அளவு. ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் அது வேலை செய்தது. செருப்புத் தைக்கும் மர அச்சும் கோடாலிக் காம்பும்கூட அந்த வழியில் உருவாகின.

மாதிரியை மாட்டிவிட்டால் மனிதனுக்கு அங்கே வேலை இல்லை என்றுதான் தோன்றும். உண்மை அப்படி இல்லை. தொடுமுனைக்கு மாதிரியின் விளிம்பு மட்டுமே தெரியும், மரம் தெரியாது. ஒரே தேக்குப் பலகையில் அறுத்த இரண்டு கட்டைகளில் ஒன்றில் இழை நேராக ஓடும், மற்றொன்றில் முடிச்சைச் சுற்றி வளையும். தடித்த இடத்திலிருந்து மெல்லிய இடத்தை நோக்கி வெட்டினால் இழை படிந்து வரும். எதிர்த்துப் போனால் பிய்த்துக்கொண்டு எழும். நீளக் கம்பு நடுவில் வளைந்து அதிரத் தொடங்கும். "தம்பி, கட்டை அலறுது, கையை இலேசாக்குங்க" என்று பக்கத்தில் நின்ற மூத்த கடைசல்காரர் சொல்வார். அவர் மாதிரிப் பலகையைப் பார்த்து நான் கண்டதில்லை. அவர் காது கட்டையிடம்தான் இருக்கும்.

வீட்டிலும் இதே கதைதான். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளை வளர்த்து நாங்கள் கண்டுகொண்ட நேரமும் முறையும் இளையவனுக்கு முன்னால் அப்படியே நிற்கின்றன. அதை நான் கலைக்க விரும்பவில்லை. ஒரு குடும்பம் பட்டுத் தெரிந்துகொண்டதை அடுத்த பிள்ளைக்காக மறந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விளக்கேற்றியதும் அவனுக்கும் அதே மேசை, அதே படிப்பு நேரம். ஆனால் அக்கா உதடு அசையாமல் படிப்பவள். இவன் நடந்துகொண்டே உரக்கப் படித்தால்தான் இவனுக்குப் பாடம் நிற்கிறது. "அக்காவைப் பார்" என்று சொல்ல எளிது. அப்படிச் சொல்லும்போது நம் கண் இவனை விட்டு அவளிடம் போய்விடுகிறது. மாதிரியால் வரும் கேடு எல்லாம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்று நம்புகிறேன்.

இருந்தாலும், லேத்தில் நகலெடுப்பது கலையே ஆகாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வளைவு எங்கே எழ வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்ற கவலையை மாதிரி வாங்கிக்கொள்கிறது. அதனால் மிஞ்சும் கவனம் முழுவதையும் எதிரே சுழலும் இந்த ஒரு கட்டைக்குக் கொடுக்க முடிகிறது. கையால் மட்டுமே கடைந்த நாட்களில் என் கவனம் பாதிக்கு மேல் அளவிலேயே செலவாகியது.

உருண்டை முனை நுழைய முடியாத இடங்களும் உண்டு. இரண்டு மணிகளுக்கு நடுவே வரும் கூரிய காடியை இயந்திரம் மழுங்கலாகவே விட்டுச் செல்லும். அங்கே சாய்வுமுனை உளியை எடுத்துக் கையால்தான் வெட்ட வேண்டும். அந்தக் காடிகள் கம்புக்குக் கம்பு மயிரிழை வேறுபடும். உப்புத்தாள் போட்டு அவற்றைச் சமமாக்க நான் முயல்வதில்லை.