களிம்பும் துருவும்

உயிரின் அறிவையும் செயலையும் தொடக்கமில்லாக் காலந்தொட்டு மறைத்து நிற்கும் குற்றமாகிய ஆணவமலம் முத்தியில் அடியோடு அழிகிறதா, அதன் ஆற்றல் மட்டும் அடங்குகிறதா என்னும் வினாவுக்குச் சைவ சித்தாந்தம் தரும் விடையைச் செம்பு, களிம்பு என்னும் அதன் பழைய உவமையைக் கொண்டே அறியலாம். புளியிட்டுத் துலக்கிய செப்புக்குடம் சில நாளிலேயே மீண்டும் மங்குவதுபோல, மலமும் இடையில் வந்து ஒட்டிய அழுக்காக இல்லாமல் உயிரோடு என்றும் உடன் இருப்பது. உள்பொருள் அழியாது என்பதால் மலமும் அழியாது, அதன் சக்தியே கெடும் என்பது சித்தாந்திகளின் துணிபு. வேதியியலின்படி களிம்பு காற்றும் ஈரமும் பட்டு உண்டாவது. செம்போடு உடன்பிறந்தது களிம்பேறும் இயல்பு மட்டுமே. இந்தத் திருத்தத்தால் உவமை கெடுவதில்லை, கூர்மையே பெறுகிறது.

உலோகம் காற்றுப் பட்டு மாறும் அதே இயல்பை ஆற்றலாக மாற்றும் முயற்சிதான் உலோக-காற்று மின்கலம், அதாவது ஒருபுறம் உலோகத்தையும் மறுபுறம் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் கொண்டு மின்சாரம் தரும் கலம். அமெரிக்காவில் 2017-இல் தொடங்கப்பட்ட ஃபார்ம் எனர்ஜி என்னும் நிறுவனம் இதற்கு இரும்பைத் தேர்ந்து, மேற்கு வர்ஜீனியாவின் வெயர்ட்டன் நகரில் பழைய எஃகு ஆலை இருந்த நிலத்திலேயே தொழிற்சாலை அமைத்திருக்கிறது. காரக் கரைசலில் அமிழ்ந்த இரும்பு துருப்பிடிக்கையில் மின்சாரம் வெளிப்படுகிறது. மின்சாரத்தைத் திருப்பிச் செலுத்தினால் துரு ஆக்சிஜனை விட்டு மீண்டும் இரும்பாகிறது. தொடர்ந்து 100 மணி நேரம் மின்சாரம் தருவது இந்நிறுவனத்தின் இலக்கு.

மின்சாரத்தை இப்படிச் சேமித்து வைப்பதன் அருமை நூற்பாலைகள் நிறைந்த இராஜபாளையம் வட்டாரத்துக்குத் தெரியும். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் நிறுவிய ராஜபாளையம் மில்ஸ் முதலாக இங்கே பெருகிய நூற்பாலைகள் இரவும் பகலும் ஓடுபவை. அவற்றுக்கு மின்சாரம் தரும் காற்றாலைகளோ ஆனி, ஆடி, ஆவணியில் மிகுதியாகச் சுழன்று, பிறகு தளர்ந்துவிடுபவை. பருவத்தில் மிஞ்சும் மின்சாரத்தை மின்வாரியத்தில் வரவு வைத்துப் பிறகு கணக்கில் கழித்துக்கொள்ளும் முறையை மில்காரர்கள் ‘பேங்கிங்’ என்பர்; அங்கே சேமிக்கப்படுவது கணக்கே தவிர மின்சாரம் அன்று.

துருவேறாத பொன்னைக் கொண்டு உலோக-காற்று மின்கலத்தைச் செய்ய இயலாது என்பது மெய்யியலார் ஊன்றி நோக்கத்தக்கது. பாதரச மாத்திரையாகிய ரசகுளிகை பட்டுக் களிம்பு நீங்கிச் செம்பு பொன்னாகும் உவமையைச் சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் ஆளுகிறது. ஆனால் அந்த நிலைக்கு முன், இறைவனின் மறைப்பாற்றலாகிய திரோதான சக்தி மலத்தைத் தொழிற்படுத்தியே அதைப் பக்குவப்படுத்துகிறது என்றும் சித்தாந்தம் சொல்லுகிறது. குற்றத்தை ஒதுக்காமல் அதையே கருவியாக்கும் இந்த மலபரிபாகக் கொள்கைக்கு இரும்பு நல்ல சான்று. துருவைத் தானே உதறும் வலிமையும் இரும்புக்கு இல்லை; வெளியிலிருந்து மின்சாரம் வந்தாக வேண்டும். உயிர் தன் முயற்சியால் மட்டும் மலம் நீங்க மாட்டாது, அருள் வர வேண்டும் என்னும் கோட்பாட்டோடு இது பொருந்துவது வெறும் தற்செயல் என்று தள்ளத்தக்கதன்று.

ஒப்புமை முறியும் இடமும் உண்டு. மின்கலத்தில் ஏற்றிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி திரும்புவதில்லை. ஒரு பகுதி ஹைட்ரஜன் குமிழிகளாய்க் கழிகிறது. துருவும் இரும்புமாக மாறி மாறி வரும் இச்சுழற்சி பிறப்பிறப்பையே ஒத்தது. மீளா நிலையாகிய முத்தியை இது காட்டாது. ஆயினும் உடலோடு இருக்கும்போதே வீடுபெற்ற சீவன்முத்தருக்கும் மலவாசனை, அதாவது மலத்தின் பழக்கத் தடம், தலையெடுக்கக் கூடும் என்பதைச் சித்தாந்தம் மறக்கவில்லை. மெய்கண்டாரின் சிவஞானபோதம் தன் பன்னிரண்டாம் நூற்பாவில், ஞானம் பெற்றவரும் மலத்தைக் கழுவி, அடியார் கூட்டத்தோடு சேர்ந்து, திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவமெனவே தொழ வேண்டும் என விதிப்பது இதனாலேயே. எனவே சிவன் மருத்துவனாக விளங்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார்வளாகத்து வைத்தியநாதர் சன்னிதி நோயாளிக்கு மட்டும் உரியதன்று; நோய் தீர்ந்தவரும் அங்கே நாள்தோறும் செல்ல வேண்டியவரே.