சாமிக்காகச் சாகலாம், வலிக்காகக் கூடாதா?

சமணர்கள் உண்ணாமலிருந்து உயிர்விடும் சந்தாரா தற்கொலைதான் என்று 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உடன் நிற்பவர்களும் குற்றவாளிகள் என்றது. சமணர்கள் வீதிக்கு வந்தார்கள். அதே மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக்குத் தடை போட்டது. சந்தாரா தொடர்கிறது.

தொண்டைப் புற்று முற்றிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். சாமியுமில்லை பூதமுமில்லை என்று வாழ்ந்தவர். "ஒரு ஊசியப் போட்டு முடிச்சிடுங்க டாக்டர்" என்கிறார். போட்டால் கொலை வழக்கு. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றது, சிகிச்சையை நிறுத்தச் சொல்லும் உரிமையை மட்டும். வென்டிலேட்டரை எடுக்கலாம். வென்டிலேட்டரே இல்லாமல் வலியோடு கிடப்பவர் எதை எடுக்கச் சொல்வார்? அவரும் பட்டினி கிடக்கலாமே என்பீர்கள். கிடந்தால் மூக்கில் குழாய் செருகப் பார்ப்பார்கள், மனநல மருத்துவரைக் கூப்பிடுவார்கள். சந்தாராவின் பல்லக்கும் ஊர்வலமும் பக்திமான்களுக்கு மட்டும்தான்.

அதற்காக நாளைக்கே ஊசியை அனுமதி என்று கோஷம் போடவும் நான் தயாரில்லை. விருதுநகர், மதுரைப் பக்கத்துத் தலைக்கூத்தலை நாம் அறிவோம். படுத்த படுக்கையான கிழவிக்குத் தலை நிறைய எண்ணெய் தேய்த்து, குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, இளநீராகக் கொடுப்பார்கள். காய்ச்சல் கண்டு ஓரிரு நாளில் போய்விடுவாள். ஊருக்கே தெரியும், புகார் வராது. பார்த்துக்கொள்ள ஆளில்லை, கூலி போகிறது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் கிழவியை யார் கேட்டார்கள்? கேட்டிருந்தாலும், "பாரமா இருக்கேன்" என்று தினமும் உணரவைக்கப்பட்டவள் சொல்லும் சம்மதம் யாருடைய சம்மதம்?

சந்தாராவுக்கும் இதே கேள்விதான். சுற்றி நின்று பாடும் கூட்டத்தின் நடுவே, மனம் மாறி ஒரு வாய் தண்ணீர் கேட்க முடியுமா? புற்றுநோயாளிக்கும் இதே கேள்விதான்: சாவைக் கேட்பது அவரா, வலியா? மார்ஃபின் கொடுத்துப் பார்த்தீர்களா? 1985இன் போதைப்பொருள் சட்டம் அந்த மருந்தைப் பூட்டி வைத்தது. 2014இல் திருத்தியும் பல ஊர்களில் இன்னும் கிடைப்பதில்லை. வலிமருந்து தராமல் ஊசியை நீட்டும் அரசு, நோயாளியைக் கைகழுவுகிறது.

மருந்து கொடுத்தும் வலி தீராமல், யாரும் நெருக்காமல், கடைசி நொடிவரை 'வேண்டாம்' என்று சொல்லும் வாய்ப்பும் இருந்து ஒருவர் சாவைக் கேட்டால், மறுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. உயிர் கடவுள் கொடுத்தது என்பது நம்பிக்கை. அவரவர் உடம்போடு வைத்துக்கொள்ளட்டும்.

அதை அனுமதிக்கும் சட்டம் வரும்போது வரட்டும். எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதையாவது இப்போதே எழுதிவையுங்கள். 2023 முதல் அதற்கு மாஜிஸ்திரேட் கையெழுத்து தேவையில்லை. இரண்டு சாட்சிகளும் ஒரு நோட்டரியும் போதும்.