முதல் துப்பாக்கியும் முழுச் செலவும்

நெடுந்தொலைவு இலக்குச் சுடுதல் என்பது பொதுவாக 600 கெஜத்துக்கு அப்பால் உள்ள குறியைச் சுடுவது. 1000 கெஜம் அதன் பழைய அளவுகோல். ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒலிம்பிக்கில் ரைஃபிள் வீரர்கள் சுடும் 10 மீட்டர், 50 மீட்டர் போட்டிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த விளையாட்டின் இயல்பு புதிதாக இருக்கும். .308 வின்செஸ்டர் என்ற தோட்டாவின் குண்டு 1000 கெஜத்தைக் கடக்க ஒன்றே முக்கால் வினாடி அளவுக்கு எடுத்துக்கொள்கிறது. 100 கெஜத்துக்குக் குறி சரிசெய்த துப்பாக்கியை அப்படியே நீட்டிச் சுட்டால், அந்தத் தொலைவை எட்டும்போது குண்டு 30 அடிக்கும் மேல் கீழே இறங்கியிருக்கும். அந்த இறக்கத்தை முன்கூட்டிக் கணக்கிட்டுவிடலாம். ஈர்ப்பு விசை நாளுக்கு நாள் மாறுவதில்லை. நிமிடத்துக்கு நிமிடம் மாறுவது காற்று. இந்த விளையாட்டின் கடினமும் சுவையும் அங்கேதான் இருக்கின்றன.

இதன் வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்குகிறது. 1860இல் லண்டனுக்கு அருகே விம்பிள்டன் திடலில் விக்டோரியா அரசி முதல் குண்டைச் சுட்டுப் போட்டியைத் தொடங்கிவைத்தார். அந்தப் போட்டிகள் 1890இல் பிஸ்லி என்ற இடத்துக்கு மாறின. இன்றும் அங்கேயே நடக்கின்றன. அமெரிக்காவில் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் கிரீட்மோர் திடல் 1873இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அங்கு அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1000 கெஜத் தொலைவுகளில் மோதின. அயர்லாந்தினர் அனுபவம் மிக்கவர்கள். குழலின் வாய் வழியே மருந்து நிரப்பும் ரிக்பி துப்பாக்கிகளைக் கொண்டுவந்திருந்தார்கள். அமெரிக்கர்கள் பின்புறம் நிரப்பும் ஷார்ப்ஸ், ரெமிங்டன் துப்பாக்கிகளோடு வந்தார்கள். அமெரிக்க அணி 934, அயர்லாந்து அணி 931. வெறும் மூன்று புள்ளி வித்தியாசம். அயர்லாந்து வீரர் ஒருவர் பக்கத்துக் குறியின் நடுவட்டத்தை மிக நேர்த்தியாகச் சுட்டுவிட்டார்; தன் குறியில் விழுந்திருந்தால் அது நான்கு புள்ளி. எந்தத் துப்பாக்கி மேல் என்ற விவாதம் அதற்குப் பிறகும் பல காலம் நடந்தது. ஆட்டத்தின் முடிவு துப்பாக்கியில் இருக்கவில்லை.

மாதச் சம்பளத்தில் மிச்சம்பிடித்து இந்த விளையாட்டுக்குள் நுழைய நினைக்கும் அமெரிக்கர் ஒருவர் முதலில் கேட்கும் கேள்வி, எந்தத் துப்பாக்கியை வாங்குவது என்பது. கேள்வி இயல்பானது. ஆனால் அதைக் கடைவிலையை மட்டும் வைத்துக் கேட்கும்போது பதில் தவறிப்போகிறது. துப்பாக்கியின் விலை ஒருமுறை கொடுப்பது. தோட்டாவின் விலை ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் கொடுப்பது. 6.5 கிரீட்மோர் என்ற தோட்டாவில் போட்டித் தரமுள்ளது ஒன்று ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு டாலர் வரை ஆகிறது. அந்தத் தோட்டாவுக்கான குழல் 2000 முதல் 3000 குண்டுகளுக்குள் துல்லியம் குறைந்து தேய்ந்துபோகும். எரியும் மருந்தின் வெப்பம் குழலின் தொடக்கப் பகுதியை அரித்துவிடுகிறது. ஒரு குழலைத் தேய்க்கும் அளவுக்குச் சுட்டால் தோட்டாவுக்கு மட்டும் 3000 டாலருக்கு மேல் போகும். 700 டாலர் துப்பாக்கியா, 1200 டாலர் துப்பாக்கியா என்று மாதக்கணக்கில் யோசிப்பவர் இந்தத் தொகையைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

துல்லியத்துக்கு எவ்வளவு பணம் கொடுக்கலாம் என்பதை எண்களே சொல்லிவிடும். சுடுவோர் துல்லியத்தைக் கோணத்தால் அளக்கிறார்கள். ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு ஓர் எம்.ஓ.ஏ.; 100 கெஜத்தில் அது ஓர் அங்குலத்தைவிடச் சற்று அதிகம், 1000 கெஜத்தில் சுமார் பத்தரை அங்குலம். இன்று ஆலையில் செய்து வரும் நடுத்தர விலைத் துப்பாக்கி, நல்ல தோட்டாவோடு, ஓர் எம்.ஓ.ஏ. அளவுக்குள் குண்டுகளைச் சேர்ப்பது சாதாரணம். அதாவது 1000 கெஜத்தில், மற்ற எல்லாம் சரியாக இருந்தால், குண்டு நடுப்புள்ளியிலிருந்து ஐந்து அங்குலத்துக்குச் சற்று மேல் விலகலாம். பல ஆயிரம் டாலர் கொடுத்துத் தனியாகச் செய்வித்த துப்பாக்கி அரை எம்.ஓ.ஏ. காட்டும் என்று வைத்துக்கொண்டால், விலகல் இரண்டரை அங்குலமாகக் குறைகிறது. கொடுத்த பணத்துக்குக் கிடைத்த லாபம் இந்த இரண்டரை அங்குலம்.

இனி காற்று. மணிக்கு 10 மைல் வேகத்தில் பக்கவாட்டில் வீசும் காற்று .308 குண்டை 1000 கெஜத்தில் ஏறத்தாழ எட்டடி தள்ளுகிறது, 6.5 கிரீட்மோரின் நீண்டு மெலிந்த குண்டை ஆறடி அளவுக்குத் தள்ளுகிறது. சுடுபவர் காற்றின் வேகத்தை இரண்டே மைல் தவறாக மதிப்பிட்டால் முதலாவது 19 அங்குலமும் இரண்டாவது 14 அங்குலமும் விலகும். 10 மைல் காற்றை 8 மைல் என்று நினைப்பது புதியவருக்கு அன்றாடம் நேர்வது, பழகியவருக்கும் நேர்வதுதான். சுடும் இடத்தில் ஒரு காற்று, பாதிவழியில் மற்றொன்று, குறிக்குப் பக்கத்தில் இன்னொன்று. கொடித்துணி எந்தப் பக்கம் படபடக்கிறது, புல் எவ்வளவு சாய்கிறது, தொலைநோக்கியில் தெரியும் கானல் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்து மூன்றையும் ஒரே எண்ணாக்க வேண்டும். இந்தத் திறமையை விற்பனைக்கு வைத்திருக்கும் கடை எங்கும் இல்லை. சுட்டு, தவறி, எவ்வளவு தவறியது என்று குறித்துவைத்து, மறுபடி சுட்டுத்தான் அது வரும். ஆகவே புதியவரின் கையில் இருக்கும் பணம் குண்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டும் பக்கமே போக வேண்டும்.

பணத்தைப் பொருளின் பக்கம் இழுக்கும் ஈர்ப்பு மனித இயல்பில் ஆழமானது. வாங்கிய அன்றே கையில் இருப்பது பொருள். ஆண்டுகள் போனாலும் கைக்கு வருமா என்று தெரியாதது பழக்கம். நல்ல கருவி வைத்திருப்பவரைத் திறமைசாலி என்று பிறர் கொள்வதும், அவரே அப்படிக் கொள்வதும் எளிது. வீணையிலும் புகைப்படக் கருவியிலும் சைக்கிளிலும் காணும் அதே பலவீனம்தான் இங்கும் வேலை செய்கிறது. இலக்குச் சுடுதலில் அதன் விலை சற்றுக் கூடுதல்: விலையுயர்ந்த துப்பாக்கியை வாங்கித் தோட்டாவுக்குக் காசில்லாமல் மாதம் ஒருமுறை இருபது குண்டு சுடுபவர், தாம் ஏன் முன்னேறவில்லை என்பதற்கான காரணத்தை அடுத்த துப்பாக்கியில் தேடத் தொடங்கிவிடுகிறார்.

விளம்பரங்களும் இதற்குத் துணைபோகின்றன. மூன்று குண்டுகள் ஓர் அங்குலத்துக்குள் விழுந்த தாளைக் காட்டி விற்பது வழக்கம். அதே துப்பாக்கியில், அதே கையால், பத்துக் குண்டு சுட்டால் பரவல் சராசரியாக ஒன்றரை மடங்குக்கு மேல் விரியும். துப்பாக்கியில் எந்த மாற்றமும் நேரவில்லை. குறைந்த எண்ணிக்கையில் சிதறல் முழுதாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான். பத்துக் குண்டுத் தாளைப் பார்க்காமல் துல்லியத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வர வேண்டியதில்லை.

அடுத்தது தோட்டா வகை. 2007இல் ஹார்னடி நிறுவனம் அறிமுகப்படுத்திய 6.5 கிரீட்மோர், அந்தப் பழைய திடலின் பெயரைத் தாங்கியது. காற்றில் குறைவாக விலகும், தோளில் இடி குறைவு, ஆலையில் செய்த தோட்டாவே நல்ல தரத்தில் கிடைக்கும். 1952இல் வந்த .308 காற்றில் அதிகம் விலகினாலும் அதன் குழல் 5000 குண்டுகளுக்கு மேலும் தாங்கும். எஃப்-கிளாஸ் என்ற படுத்துச் சுடும் போட்டியின் ஒரு பிரிவு .308, .223 ஆகிய இரண்டை மட்டுமே அனுமதிக்கிறது. ஆனால் .308இன் இடி புதியவரை விசை இழுக்கும் கணத்தில் கண்ணிமைக்கவும் உடல் சுருக்கவும் பழக்கிவிடும். அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு. .223 ரெமிங்டனை நெடுந்தொலைவுக்கு ஆகாது என்று ஒதுக்குவோர் உண்டு. அது அவசரத் தீர்ப்பு. 75 முதல் 80 கிரெயின் வரை எடையுள்ள கனமான குண்டுகளோடு அது 600 கெஜத்தில் நன்றாகவே நிற்கிறது. அமெரிக்கப் போட்டிகளில் பல காலமாக அப்படிப் பயன்படுகிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கனமான குண்டு நிலைத்துப் பறக்க, குழலுக்குள் வெட்டிய சுருள்பள்ளம் 7 அல்லது 8 அங்குலத்துக்குள் ஒரு முழுச்சுற்று சுற்ற வேண்டும். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள பழைய .223 குழலில் அந்தக் குண்டுகள் தடுமாறும்.

பலரும் நினைத்துப் பார்க்காத நான்காவது வழி .22 எல்.ஆர். 1887 முதல் இருந்துவரும் இந்தச் சிறு தோட்டாவைச் சிறுவர் பயிற்சிக்கு உரியதென்று தள்ளிவிடுகிறார்கள். 50 கெஜத்துக்குக் குறி சரிசெய்த .22, 200 கெஜத்தில் சுமார் நான்கடி இறங்குகிறது. 10 மைல் காற்றில் அதன் விலகல், கோணக் கணக்கில், .308 குண்டு 800 கெஜத்தில் சந்திப்பதற்கு ஏறத்தாழ ஈடு. அதாவது 200 கெஜத் திடல் ஒன்று இருந்தால் நெடுந்தொலைவின் பாடங்களில் பெரும்பகுதியை அங்கேயே படிக்கலாம். நல்ல தரத் தோட்டா ஒன்று 20, 30 சென்ட். குழல் பல பத்தாயிரம் குண்டுகளைத் தாங்கும். அமெரிக்காவில் 1000 கெஜத் திடல் பக்கத்தில் இல்லாத பெரும்பாலோருக்கு இதுவே நேர்மையான முதல் துப்பாக்கி. செக் நாட்டு சிஇசட் 457 இந்த வகையில் நம்பிக்கையோடு வாங்கத்தக்கது.

பெரிய தோட்டாதான் வேண்டும் என்று முடிவெடுத்தவருக்கும் இன்று பஞ்சமில்லை. ரூகர் அமெரிக்கன், சாவேஜ் 110, ஜப்பானின் ஹோவா 1500, பின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ், ஸ்பெயினின் பெர்காரா பி-14 ஆகிய எல்லாமே போல்ட்டைக் கையால் இழுத்து ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் துப்பாக்கிகள். ஏறத்தாழ 500இலிருந்து 1200 டாலருக்குள் அடங்குபவை. இவற்றுள் டிக்காவின் விசையும் போல்ட்டின் வழுவழுப்பும் கூடுதல் விலைக்குத் தகுந்தவை. சாவேஜில் குழலை ஒரு திருகுவளையம் பிடித்திருப்பதால், தேய்ந்த குழலை உரிய அளவிகளும் கவனமும் உள்ளவர் வீட்டிலேயே மாற்றிவிடலாம். சிக்கனக்காரருக்கு இது பெரிய அனுகூலம். 1962 முதல் வரும் ரெமிங்டன் 700இன் அமைப்புக்கு உதிரிப்பாகங்கள் ஏராளம். பெர்காரா பி-14 அதே அமைப்பைப் பின்பற்றுவதால் அவற்றில் பலவும் அதற்குப் பொருந்தும். வாங்கும்போது பார்க்க வேண்டியவை சிலவே. குழல் கனமாக இருக்கட்டும். சூடேறினாலும் குறி நகர்வது குறையும். கன்னம் பதியும் இடம் கண்ணை, துப்பாக்கிமேல் பொருத்தும் குறிநோக்கியான ஸ்கோப்பின் நேருக்குக் கொண்டுவர வேண்டும். உயரம் போதாவிட்டால் ஒரு திண்டு கட்டினால் போதும். விசை இரண்டு மூன்று பவுண்டு அழுத்தத்தில் சுத்தமாக விடுபட வேண்டும்.

ஸ்கோப்பில் மிச்சம் பிடிப்பது எல்லாவற்றையும் கெடுக்கும். உருப்பெருக்கம் 24, 30 என்று இருப்பதை மக்கள் தேடி ஓடுகிறார்கள். கானல் ஓடும் வெயிலில் அந்தப் பெருக்கம் கலங்கலைத்தான் பெரிதாக்கும். முக்கியம், குறியை நகர்த்தும் திருகைப் பத்து அலகு ஏற்றினால் குறி சரியாகப் பத்து அலகு ஏறுவதும், இறக்கினால் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பதும். இதை 100 கெஜத்தில் உயரமான தாளில் செங்குத்துக் கோடு வரைந்து ஒரு பிற்பகலில் சோதித்துவிடலாம். எஸ்.டபிள்யூ.எஃப்.ஏ. என்ற அமெரிக்க நிறுவனத்தின் பத்து மடங்கு நிலைப்பெருக்க ஸ்கோப், பகட்டு ஏதுமில்லாமல் இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து பெயர் வாங்கியது. ஸ்கோப்பின் அடித்தண்டு 20 எம்.ஓ.ஏ. சாய்வோடு இருந்தால் 1000 கெஜத்துக்குத் தேவையான ஏற்றம் கிடைக்கும்.

பழைய துப்பாக்கி வாங்குவதில் தவறில்லை. எத்தனை குண்டு சுட்டது என்று கேட்டு, குழலின் உட்புறத்தைச் சிறு கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லலாம். தேய்ந்திருந்தால் புதுக் குழலின் செலவைக் கழித்துப் பேரம் பேசலாம். தோட்டாவை வீட்டில் நிரப்பிக்கொள்வது முதல் ஆண்டில் வேண்டாம். கருவிகளுக்கு ஆகும் செலவும், அளவு தவறினால் நேரும் ஆபத்தும் புதியவர் சுமக்கத் தேவையில்லாதவை.

வாங்குவதற்கு முன் சட்டமும் இடமும். அமெரிக்காவில் உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் படிவம் நிரப்பி, பின்புலச் சோதனையில் தேற வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் கூடுதல் விதிகள் உண்டு. பிரிட்டனில் காவல்துறையின் சான்றிதழ் இல்லாமல் ரைஃபிள் வைத்திருக்க முடியாது. துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியே பூட்டிவைக்கும் பெட்டி, காதுக்காப்பு, கண்ணாடி ஆகியவற்றின் செலவு துப்பாக்கியின் விலையோடு சேர்ந்தது. வீட்டில் குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பெட்டியில் சமரசம் கூடாது. குண்டுக்குக் குறித்தாளும் உயிரும் ஒன்றுதான் என்பதை நினைவில் வைக்காதவருக்கு இந்த விளையாட்டில் இடமில்லை.

2000 டாலர் கையில் உள்ளவர் 700ஐத் துப்பாக்கிக்கும், 450ஐ ஸ்கோப்புக்கும் அதைப் பிடிக்கும் வளையங்களுக்கும், 250ஐப் பூட்டுப்பெட்டி, முன்தாங்கி, மணல்பை, காதுக்காப்பு ஆகியவற்றுக்கும் ஒதுக்கினால் 600 மிஞ்சும். 6.5 கிரீட்மோரில் அது 300 முதல் 400 தோட்டா; .22இல் 2000க்குக் குறையாது. பணம் கொடுக்கும் முன், பக்கத்தில் உள்ள சுடுமன்றத்தின் போட்டி நாளன்று போய் நில்லுங்கள். என்ன வாங்கினீர்கள் என்று கேட்காமல், ஆண்டுக்கு எத்தனை குண்டு சுடுகிறீர்கள், தோட்டாவுக்கு என்ன ஆகிறது என்று கேளுங்கள்; இடைவேளையில் தங்கள் துப்பாக்கியில் சில குண்டு சுட்டுப் பார்க்கவும் பலர் மனமுவந்து கொடுப்பார்கள்.