இரண்டு படி கடன்



அம்பத்தூரில் எங்கள் எதிர்வீட்டு மொட்டை மாடியில் ஐந்து பழைய பெயின்ட் வாளிகள் இருக்கின்றன. அவற்றில் ரோஜாவும் இல்லை, கற்றாழையும் இல்லை. நெல் நிற்கிறது. கைப்பிடிச் சுவரைத் தாண்டி, பக்கத்தில் போய் நின்றால் என் தலைக்கு மேலே கதிர் ஆடுகிறது. காட்டுயானம் என்ற ரகம். வயலுக்குள் யானை புகுந்தாலும் வெளியே தெரியாத உயரம், அதனால் அந்தப் பெயர் என்பார்கள். கிட்டத்தட்ட ஆறு மாதப் பயிர். ஆடியில் போட்டது, தையில் அறுக்க வேண்டும்.

வளர்த்தவர் நம் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். பூர்வீகம் திருத்துறைப்பூண்டிப் பக்கம். ஊரிலிருந்து அண்ணன் மகன் ஒரு பொட்டலம் விதை கொடுத்தனுப்பினானாம். "எல்லாம் நம்ம ஜெயராமன் பரப்பினது தம்பி" என்றார். சொந்தத் தம்பியைச் சொல்வது போலச் சொன்னார்.

அவர் சொன்னது நெல் ஜெயராமனை. திருத்துறைப்பூண்டியை அடுத்த கட்டிமேட்டுக்காரர். அச்சகத்தில் வேலை பார்த்தவர், பிறகு நுகர்வோர் இயக்கத்தில் இருந்தவர். அவர் ஆதர்சமாகக் கொண்ட மனிதர் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார். வெண்தாடியும் பச்சைத் தலைப்பாகையுமாக நம் நினைவில் நிற்கிறாரே, அவர்தான். இளம் வயதில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் அரசு வேலை. மழையை நம்பிப் பயிர் செய்கிறவனைக் காசு கொடுத்து இடுபொருள் வாங்க வைக்கும் ஆராய்ச்சி அவனுக்கு எப்படி உதவும் என்ற கேள்வி அவரை விடவில்லை. வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராக நடக்கத் தொடங்கியவர், கடைசி வரை நிற்கவில்லை.

2003-ல் அந்த நடை பூம்புகாரிலிருந்து கல்லணை வரை போனது. ஜெயராமனும் கூட நடந்தார். நாம் பெரிதாக மதிக்கும் ஒருவரைச் சந்தித்தால் என்ன செய்வோம்? காலில் விழுவோம், ஒரு படம் எடுத்துக்கொள்வோம், நாலு நாள் ஊரெல்லாம் சொல்லித் திரிவோம். அதுவும் நல்ல சந்தோஷம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நடையில் வழியோரத்து விவசாயிகள் தாங்கள் கைவிடாமல் வைத்திருந்த பழைய நெல் விதைகளைக் கொடுத்தார்கள். அந்த விதைகள் ஜெயராமனின் ஆயுள் வேலையாகிவிட்டன.

2006-ல் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா தொடங்கினார். வருகிற விவசாயிக்கு இரண்டு கிலோ விதை, விலை கிடையாது. அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. இதன் அழகை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வாங்கியவன் விதைத்தே ஆக வேண்டும். விதைத்தால்தான் கடன் அடையும். பெட்டியில் பூட்டி வைத்த விதை சில வருஷத்தில் முளைப்பை இழக்கும். வயலில் இறங்கிய விதை ஊர் ஊராகப் போகும். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருங்குறுவை என்று அவர் மீட்டெடுத்த ரகங்கள் 174. 2013 டிசம்பர் 30-ல் நம்மாழ்வார் மறைந்தார். ஐந்து வருஷம் கழித்து, 2018 டிசம்பர் 6-ல், புற்றுநோயால் ஜெயராமனும் போய்விட்டார். ஐம்பது வயதுதான். இப்போது சொல்லும்போதும் எனக்கு மனசு கனக்கிறது.

இதையெல்லாம் தஞ்சாவூர்ச் சீமைக் கதை என்று ஒதுக்கிவிட முடியவில்லை. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம்: இத்தனை ஏரிகளை யார், எதற்கு வெட்டினார்கள்? வயலுக்குத்தான். 1960-களில் எஸ்டேட் வந்தது. அது சோறு போட்ட குடும்பங்களில் என் குடும்பமும் ஒன்று, அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் ஏரிக்கரையில் காலையில் நடக்கும்போது தண்ணீரைப் பார்க்கிறேன், கரையைப் பார்க்கிறேன், அதன் கீழே வயலைக் காணோம். அந்த வயல்களில் என்ன ரகம் விளைந்தது, அதற்கு என்ன பெயர் என்று எங்கள் தெருவில் நாலைந்து பெரியவர்களைக் கேட்டேன். ஒருவருக்கும் நினைவில்லை. ஒரு பெயர்கூட இல்லை.

எதிர்வீட்டுப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். கதிரைத் தடவிக்கொண்டே கேட்டவர், "பொங்கல் கழிச்சு வாங்க தம்பி, ஒரு படி தரேன்" என்றார். "அடுத்த தையில ரெண்டு படியாத் திரும்பி வரணும்."

"மாடி இல்லீங்களே ஐயா, பால்கனிதான். வெயிலும் பத்து மணி வரைக்கும்தான் வரும்" என்றேன்.

"பத்து மணி வரைக்கும் வருதுல்ல?" என்றார்.

நேற்றுச் சாயங்காலம் பெயின்ட் கடைக்குப் போய், காலி வாளி இருந்தால் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.