அன்றைக்கே தெரியாத பலன்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒவ்வோர் ஆகஸ்ட் தொடக்கத்திலும் ஒரு சனிக்கிழமை அதிகாலையில் ஆயிரக்கணக்கானோர் சைக்கிளில் கிளம்புகிறார்கள். மாநிலத்தின் நடுவே உள்ள ஸ்டர்பிரிட்ஜிலிருந்து, மடக்கிய கைபோலக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் கேப் காட்டின் கடைசி முனையான பிராவின்ஸ்டவுன் வரை, இரண்டு நாளில் சுமார் 300 கிலோமீட்டர். இதற்குப் பான்-மாஸ் சேலஞ்ச் என்று பெயர். தாயைத் தோல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பில்லி ஸ்டார் என்ற இளைஞர் 1980-இல் இதைத் தொடங்கினார். அந்த ஆண்டு மிதித்தவர்கள் 36 பேர், திரண்ட தொகை 10,200 டாலர். இன்று அந்தக் கணக்கு நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. பாஸ்டனில் இருக்கும் டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்தின் சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் அந்தப் பணம் போகிறது.

நானும் இதற்குப் பெயர் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னபோது கும்பகோணத்திலிருந்து சித்தப்பா போனில் கேட்டார்: “காசு வேணும்னா காசைக் குடுத்துட்டுப் போயேம்ப்பா. அதுக்கு எதுக்கு உடம்பைப் போட்டு இந்தப் பாடு படுத்தணும்?”

நியாயமான கேள்வி. சட்டென்று ஒரு பதில் சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. பயிற்சி நடந்த மாதங்கள் முழுக்க அந்தக் கேள்வியும் கூடவே வந்தது.

பாஸ்டன் பக்கத்தில் ஏப்ரல் வரை சாலையில் இறங்குவது கடினம். வீட்டுக்குள் பின்சக்கரத்தை ஒரு சட்டத்தில் மாட்டி, நின்ற இடத்திலேயே மிதிக்க வேண்டியதுதான். பனி விலகி வெளியே வந்தால் சாலையோரமெல்லாம் குளிர்காலத்தில் தூவிய மணல் கிடக்கும். உறைந்தும் உருகியும் தார் குழி குழியாகப் பெயர்ந்திருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் மினிட்மேன் பாதைக்குப் போவார்கள். பழைய ரயில் தடத்தின்மேல் போட்ட பாதை அது. பெட்ஃபோர்டிலிருந்து கேம்பிரிட்ஜ் வரை ஏறக்குறைய 16 கிலோமீட்டர், பெரிய ஏற்றம் இல்லை. கால் பழகிய பிறகு கான்கார்ட் பக்கத்து மேடுகள். வாரத்துக்கு வாரம் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். அவசரப்பட்டால் முட்டி கணக்குக் கேட்கும். சனிக்கிழமை நெடுந்தூரம் மிதித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அதே களைத்த காலோடு மறுபடி ஏறி உட்காரவும் பழக வேண்டும். இரண்டு நாள் பயணத்தில் கடினமான நாள் இரண்டாவது நாள்தான்.

இந்தப் பயிற்சியில் எனக்குப் பெரிதாகப் பட்டது ஒரு சாதாரண உடலியல் செய்தி. மிதிக்கும்போது தசை வலுப்பெறுவதில்லை, தேய்கிறது. நுண்ணிய அளவில் கிழிகிறது, சேமித்து வைத்த சர்க்கரையைத் தீர்க்கிறது. அதற்குப் பிறகு உறக்கத்திலும் ஓய்விலும்தான் உடல் பழுது பார்க்கிறது. முன்பு இருந்ததைவிடச் சற்றுக் கூடுதலாகக் கட்டிக்கொள்கிறது. தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்கள் புதிதாகக் கிளைக்க வாரக்கணக்கில் ஆகும். ஆகவே இன்று மிதித்ததன் பலன் இன்று தெரியாது. நாளைக்குத் தெரிவதும் கால்வலிதான். ஒரு மாதம் கழித்து, எப்போதும் மூச்சு வாங்க வைக்கும் மேட்டில் கூட வருபவரோடு பேசிக்கொண்டே ஏறுவோம். எந்த நாள் உழைப்பு அந்த மேட்டைத் தாழ்த்தியது என்று யாராலும் சுட்டிக்காட்ட முடியாது.

பசி எடுக்குமுன் சாப்பிட வேண்டும் என்பதும் அப்படித்தான். தசையிலும் ஈரலிலும் இருக்கும் சேமிப்பு கடுமையான மிதிப்புக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தாங்கும். அது தீர்ந்த பிறகு வாழைப்பழத்தைத் தேடினால் பயனில்லை. கால் நின்றுபோயிருக்கும்.

காற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சமதளத்தில் வேகமாகப் போகும் சைக்கிளுக்குப் பெரிய எதிரி காற்றுதான். ஒருவர் பின்னால் ஒருவராக, சக்கரத்துக்குச் சக்கரம் நெருக்கமாகப் போனால், பின்னால் வருகிறவருக்குக் கால் பங்குக்கு மேலும் உழைப்பு மிச்சமாகும். அத்தனை காற்றையும் முன்னால் போகிறவர் மார்பில் வாங்குகிறார். சில நிமிடங்களில் அவர் விலகி வரிசையின் கடைசிக்கு வருவார், அடுத்தவர் முன்னே போவார். வார இறுதிகளில் இப்படிச் சேர்ந்து போகிறவர்கள் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்கள். எனக்காகக் காற்றை வாங்கியவரின் முகத்தை நான் பார்த்ததுகூட இல்லை, முதுகுதான் தெரியும். நான் முன்னே போகும்போது என் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் எல்லோரும் விழுவோம். அங்கே மிதிப்பதுதான் வேலை.

ஆனால் மிதிப்பதைவிடக் கடினமானது கேட்பது. முழுத் தூரமும் போகிறவர் ஒவ்வொருவரும் பல ஆயிரம் டாலர் திரட்டித் தர வேண்டும். குறைந்தால் மீதியைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். பிறரிடம் பணம் கேட்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் போய் நிற்க நாக்கு கூசும். அந்தக் கூச்சத்தை உடைத்தது பயிற்சிதான். ஏப்ரல் மழையில் நனைந்து மிதித்துவிட்டு வந்த உடம்புக்குக் கேட்கும் துணிவு வந்துவிடுகிறது. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் பழனிக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொள்ளும் தாயை நமக்குத் தெரியும். நடையால் காய்ச்சல் இறங்கும் என்று கணக்குப் போட்டு அவள் நடப்பதில்லை. ஒன்றும் செய்யாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்க அவளால் முடியாது, அதனால் நடக்கிறாள். வழியில் மோர் கொடுக்கிறவர்களும் செருப்பில்லாத காலுக்கு நிழல் காட்டுகிறவர்களும் அந்த வேண்டுதலில் பங்கு பெற்றுவிடுகிறார்கள். இங்கேயும் அதுதான் நடக்கிறது. பணம் கொடுக்கிறவர்கள் அதோடு ஒரு பெயரையும் சொல்லித்தான் கொடுக்கிறார்கள். அம்மா, தம்பி, கல்லூரித் தோழி. அதுவரை வணக்கத்தோடு நின்றுபோயிருந்த பழக்கத்தில், அந்தப் பெயருக்குப் பிறகு ஒரு நெருக்கம் வந்துவிடுகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சைக்கிள் ஓட்டுகிறவரின் வலியும் நோயாளியின் வலியும் ஒன்றல்ல. நான் விரும்பி ஏற்ற வலி என்னுடையது. முடியாவிட்டால் இறங்கி நிற்கலாம், தளர்ந்தவர்களை ஏற்றிக்கொள்ள வண்டி வரும். கீமோதெரபி ஏறிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அப்படி இறங்கி நிற்க இடமில்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பேசும் பேச்சு எனக்கு ஒப்புவதில்லை. அந்தக் குழந்தையின் துன்பத்தை நான் பகிர்ந்துகொள்ள முடியாது. அதற்கு மருந்து தேடுகிறவர்களுக்கு உதவ மட்டும்தான் முடியும்.

அந்தத் தேடலின் வரலாற்றைப் படித்தபோதுதான் சித்தப்பாவின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. 1940-களில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துவிடும். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் இருந்த சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் அமினாப்டெரின் என்ற மருந்தை அந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவருக்கு அந்த மருந்தைச் செய்து கொடுத்தது லெடர்லி ஆய்வகம். அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லப்பிரகடா சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், சகோதரர்களை ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர். பாஸ்டனுக்கு வந்த புதிதில் மருத்துவமனையில் இரவு வேலை பார்த்து, நோயாளிகளின் மலச்சட்டிகளைக் கழுவிப் பிழைத்தவர். ஃபார்பரின் கட்டுரை 1948 ஜூனில் வெளிவந்தது. தீவிரமாக நோயுற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. தணிந்ததே தவிர நிலைக்கவில்லை, நோய் திரும்பி வந்தது. அந்த ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். அவர் கண்ணால் கண்டது சில மாதத் தணிவு மட்டுமே. இன்று வளர்ந்த நாடுகளில் அதே நோய் வரும் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

அதே 1948 மே மாதம் ஒரு வானொலி நிகழ்ச்சியில் ‘ஜிம்மி’ என்று பெயர் மாற்றி ஒரு சிறுவனைப் பேச வைத்தார்கள். வயிற்றில் புற்றுநோயோடு படுத்திருந்த அவன், தனக்குப் பிடித்த பேஸ்பால் அணியின் ஆட்டத்தைப் பார்க்க ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும் என்று கேட்டான். கேட்ட ஜனங்கள் பணம் அனுப்பினார்கள். டேனா-ஃபார்பருக்கு இன்றும் நிதி திரட்டும் ஜிம்மி நிதியம் அங்கேதான் பிறந்தது. பையன் இறந்திருப்பான் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 1998-இல், மெய்ன் மாநிலத்து லாரி ஓட்டுநர் ஒருவர்தான் அந்த ஜிம்மி என்று வெளியே தெரிய வந்தது. ஐனார் குஸ்டாஃப்சன் என்பது அவர் பெயர். அன்றைக்கு நாணயத்தை உறையில் போட்டு அனுப்பியவர்களில் எத்தனையோ பேர் அதற்குள் காலமாகியிருப்பார்கள். சிறுவன் பிழைத்தான் என்பது அவர்களுக்குத் தெரியாமலே போயிற்று.

சித்தப்பா கேட்டதில் ஒரு பாதி சரி. பணத்தை மட்டும் கொடுத்தாலும் மருந்து உருவாகும். ஆனால் ஒருமுறை கொடுத்துவிட்டுப் பலனை எதிர்பார்த்துக் காத்திருக்கிறவர் சீக்கிரம் சோர்ந்துபோவார், ஏனென்றால் இந்தத் துறையில் பலன் அடுத்த தலைமுறைக்குத்தான் கைக்கு வருகிறது. பலன் தெரியாத நாளிலும் எழுந்து போய் மிதிக்க வேண்டும் என்று உடம்புக்குக் கற்றுக்கொடுக்கிறது பயிற்சி. நான்கு மாதம் அப்படி மிதித்தவன் அடுத்த ஆண்டும் பணத்தோடு வருவான். இந்த ஓட்டத்தில் பத்து, இருபது ஆண்டுகளாகத் தொடர்ந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். 10,200 டாலர் நூறு கோடியாக வளர்ந்தது அப்படி வந்தவர்களால்தான்.

அமினாப்டெரினுக்குப் பின் சுப்பாராவின் ஆய்வகத்திலிருந்தே வந்த மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் உலகமெங்கும் இந்தக் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. சென்னையிலும் கொடுக்கிறார்கள். அடையாறு புற்றுநோய் நிலையம் 1954-இல் தொடங்கியதும் முத்துலட்சுமி ரெட்டி மக்களிடம் கேட்டுத் திரட்டிய பணத்தோடுதான். அப்படிக் கொடுப்பதற்கு நீங்கள் சைக்கிள் மிதிக்க வேண்டியதில்லை. யாராவது மிதித்துவிட்டோ நடந்துவிட்டோ கேட்டு வந்தால், அல்லது யாருமே கேட்காவிட்டாலும், உங்களுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு நிலையத்துக்கு உங்களால் ஆனதைக் கொடுங்கள். அடுத்த ஆண்டும் கொடுங்கள்.