கேரியரில் இரண்டு குடம்

எங்கள் மாவட்டத்துக் கல்லூரி மேடைகளில் மகளிர் தினத்தன்று தவறாமல் வரும் பெயர் முத்துலட்சுமி ரெட்டி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர், ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்தவர், 1912இல் டாக்டர் பட்டம் பெற்றவர். "அவரைப் போல நீங்களும் மாற்றத்தைக் கொண்டுவர வேண்டும்" என்று சிறப்பு விருந்தினர் முடிப்பார். பிள்ளைகள் கைதட்டுவார்கள். எதிர்ப்பையும் மீறி அந்தப் பெண்ணுக்குக் கல்லூரிக் கதவைத் திறந்துவிட்டவர் அன்றைய மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். அவரைப் போல இருங்கள் என்று முன்வரிசை ஆண்களைப் பார்த்து எவரும் பேசி நான் கேட்டதில்லை.

'பொறுப்பு' என்ற சொல்லிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. பொறுமைக்கும் அதற்கும் வேர் ஒன்றுதான். தாங்கு, சுமந்துகொள், காத்திரு. பொறுப்பான பையன் என்றால் சம்பாதிக்கிறவன். பொறுப்பான பொண்ணு என்றால் சொல்லாமலே எல்லாவற்றையும் எடுத்துச் செய்கிறவள். அவளிடம் போய் வாழ்க்கையின் லட்சியம் என்ன என்று கேட்பது, இருக்கிற சுமையின் மேல் இன்னொன்றை ஏற்றுவதாகவும் ஆகலாம்.

1991இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் ஓட்டப் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். 1992 மகளிர் தினத்தில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டையை வலம் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே பலர் வாங்கினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பது கூடுதல் வசதி.

எங்கள் பெரியம்மா பழகியது அப்போதுதான். நான் பள்ளிக்கூடத்துச் சிறுமி. இருட்டியபிறகு, யாரும் பார்க்காத நேரத்தில், கண்மாய்க் கரையில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டார். அதுவரை வெயில் காலத்தில் தூரத்துக் கிணற்றிலிருந்து பெரியப்பா எப்போதாவது சைக்கிளில் தண்ணீர் கொண்டுவருவார். பெரியம்மா ஓட்டத் தொடங்கிய பிறகு அந்த 'எப்போதாவது'ம் நின்றது. கேரியரின் இரு பக்கமும் குடம், முன்னால் கடைக்குட்டி.

முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, இதுவா விடுதலை என்று அவரிடமே கேட்டேன்.

"தண்ணி என்னைக்கும் நாந்தான் ஆத்தா தூக்குனேன். அப்ப இடுப்புல, பெறகு கேரியர்ல. ஆனா போறப்ப எங்க அம்மா வீட்டு வழியாப் போவேன். அஞ்சு நிமிசம் உக்காந்துட்டு வருவேன். நடந்து போனா முடியுமா?"

படித்த எழுத்தில் கையெழுத்து மட்டும்தான் அவரிடம் மிஞ்சியது. அரசின் கணக்கில் அது தோல்வியாகவும் இருக்கலாம். ஆனால் அம்மா வீட்டு வழி எந்தத் திட்ட அறிக்கையிலும் இருந்திருக்காது. அதைக் கண்டுபிடித்தவர் பெரியம்மா. சைக்கிளைக் கொடுப்பதோடு கொடுத்தவர் வேலை முடிந்துவிட வேண்டும், எந்த வழியில் போவது என்பதை ஓட்டுகிறவளிடம் விட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். மாற்றம் கொண்டுவரக் கிளம்புகிறவர்கள், நான் உட்பட, இந்த இடத்தில்தான் வாயை மூடத் தெரியாமல் நிற்கிறோம்.

அதற்காகப் பெரியம்மா சொன்னதை முழுசாக ஏற்கவும் மனம் வரவில்லை. ஐந்து நிமிடம் அவருடையது, சரி. குடங்கள்? லட்சம் பெண்களுக்கு சைக்கிள் பழக்க ஓர் இயக்கம் இருந்தது. லட்சம் ஆண்களுக்குக் குடம் தூக்கப் பழக்க ஓர் இயக்கம் வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. சிரிப்பு வருகிறது இல்லையா? ஏன் வருகிறது என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

இப்போது அவர்கள் தெருவில் குழாய் வந்துவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் தண்ணீர் விடுகிறார்கள். எழுந்து பிடித்துவைப்பது மருமகள். பெரியம்மா மகனை எழுப்பிப் பார்த்தாராம். அவன் புரண்டு படுத்தானாம்.