காருக்கு ஒயில் மாற்றுவது யார் வேலை?

புதுக் கார் வாங்கியதும் அதை நேரே ஆலயத்துக்குக் கொண்டுவந்து பூசை செய்விப்பது எம்மவரின் நல்ல வழக்கங்களில் ஒன்று. நான்கு சில்லுகளின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, பொனற்றில் சந்தன குங்குமப் பொட்டிட்டு, ஐயர் தீபாராதனை காட்டிய பின் கார் மெல்ல முன்னே நகரும்போது பழங்கள் நசியும் ஓசையைக் கேட்டு மகிழாத குடும்பம் இல்லை. பின்பு சரஸ்வதி பூசையன்று அதே காருக்கு மீண்டும் ஒரு பொட்டு. இவ்விரண்டு நாட்களுக்கும் இடையில் அந்த வாகனத்துக்கு நாம் செய்வது என்ன? பெற்றோல் அடிக்கிறோம், விருந்தினர் வருவதாயின் கழுவுகிறோம். பொனற்றை ஒருமுறையேனும் திறந்து பாராதவர்கள் எம்மிடையே அநேகர்.

எஞ்சின் ஒயிலையும் பில்ரரையும் நாமே மாற்றலாமா என்பதே இங்கு எடுத்துக்கொண்ட விடயம். மாற்ற முடியுமா என்பதல்ல கேள்வி. சிறிய கார் வைத்திருக்கும் எவரும் ஒரு சனிக்கிழமை காலையில் ஒரு மணித்தியாலத்துக்குள் செய்து முடிக்கக்கூடிய வேலை அது. அதைச் செய்வது எமக்குத் தகுமா, கடமையா, அல்லது இன்னொருவர் பிழைப்பில் கைவைப்பதா என்பதுதான் சிந்திக்க வேண்டியது.

பணக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். மலிவு விற்பனையில் ஒயிலும் பில்ரரும் வாங்கி வைத்துக்கொண்டால் கராஜில் கொடுப்பதில் ஒரு பகுதி மிச்சமாகும் என்பது உண்மை. ஆயினும் றாம்ப், ஸ்பானர், ஒயில் பிடிக்கும் தட்டு, புனல் என்று முதலில் வாங்க வேண்டியவற்றைக் கூட்டினால், முதல் வருடத்தில் மிச்சம் ஒன்றும் இராது. உத்தரவாதக் காலத்திலுள்ள புதுக் காராயின் தகுதி பெற்ற ஒருவரிடம் கொடுத்து, பற்றுச்சீட்டை வைத்திருப்பதே புத்தி. எனவே காசை மட்டும் எண்ணி இதில் இறங்குபவர் விரைவில் சலித்துப்போவார். இன்னொரு ஆபத்தும் உண்டு. மிச்சம் பிடிக்க இறங்கியவர், உரிமையாளர் கைந்நூலில் சொல்லப்பட்ட தரத்தை விட்டு, கடையில் ஆகக் குறைந்த விலைப் போத்தலைத் தேடத் தொடங்குவார். அது சிக்கனமல்ல.

வேலையைச் சற்று விளக்கமாகவே பார்ப்போம், ஏனெனில் இதிலுள்ள தர்மமெல்லாம் அந்தச் சின்னச் சின்னச் செயல்களுக்குள்தான் இருக்கிறது.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் ஒயில் இளஞ்சூடாகி இளகும். சுடச்சுட இருந்தால் கை வெந்துபோம். சமதரையில் காரை றாம்பின்மேல் ஏற்றி, ஹான்ட்பிறேக் போட்டு, பின்சில்லுகளுக்கு முட்டுக்கொடுக்க வேண்டும். ஜக்கை மாத்திரம் நம்பிக் காரின் கீழே போகவே கூடாது. ஜக் என்பது தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. அவுஸ்திரேலியாவில் இப்படி வீட்டு முற்றத்தில் காரின் கீழ் நசுங்கி இறந்தவர்கள் உள்ளனர். குடும்பத்துக்கு ஐம்பது டொலர் மிச்சம் பிடிக்கப்போய் குடும்பத்தையே தவிக்கவிடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

அடியிலுள்ள சம்ப் நட்டைக் கழற்றியதும் கறுத்த ஒயில் பாய்ந்து விழும். சிறிய காரில் சுமார் மூன்றரை முதல் நாலு லீற்றர். அதன் கறுப்பைப் பார்த்து, ‘கெட்டுப்போயிற்று’ என்று முகம் சுளிப்போம். உண்மை அதற்கு மாறானது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் கரியையும் அமிலத்தையும் உலோகத் துகளையும் எஞ்சினில் படியவிடாமல் தன்னுள் ஏந்திக்கொள்ளும்படியாகவே ஒயிலில் மருந்துகள் சேர்க்கப்பட்டுள்ளன. அது கறுப்பது வேலை செய்ததன் அடையாளம். ஆலகாலத்தை ஏற்றுக் கண்டம் கறுத்த கதையை நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். நாம் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் அந்த அழுக்கு நச்சுத்தன்மை உள்ளதே. கையுறை போட வேண்டும். பாவித்த ஒயில் மீண்டும் மீண்டும் தோலில் படுவது புற்றுநோய் ஆபத்தைத் தரும் என்று அறிவோம்.

ஒயில் சொட்டி ஓய்ந்த பின், நட்டின் பழைய வாஷரை எறிந்துவிட்டுப் புதியதை இடவேண்டும். விலை சொற்பம். பழையதையே திரும்ப இட்டாலும் யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் ஒழுகவும் மாட்டாது. பில்ரரைக் கழற்றும்போது அதன் இறப்பர் வளையம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடவில்லையா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பழைய வளையத்தின்மேல் புதிய பில்ரரைப் பூட்டினால் இரண்டு வளையமும் அழுத்தம் தாங்காமல் நழுவி, ஒயில் முழுவதும் வீதியில் போய்விடும். புதிய வளையத்தில் புதிய ஒயில் சிறிது தடவி, கையாலேயே முறுக்கி, வளையம் தொட்ட பின் முக்கால் சுற்று. பொதுவாக அந்த அளவு பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பலசாலிகள் ஸ்பானர் கொண்டு இறுக்குவதால் அடுத்தமுறை கழற்றுபவருக்குத்தான் துன்பம். சம்ப் நட்டும் அப்படியே. அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் அலுமினியச் சம்ப்பின் மரை அழிந்துவிடும்.

பின்பு புதிய ஒயிலை வார்த்து, எஞ்சினைத் தொடக்கி, சிவப்பு விளக்கு அணைகிறதா, கீழே ஏதும் கசிகிறதா என்று பார்த்து, நிறுத்திச் சிறிது நேரம் சென்றபின் சமதரையில் அளவுக் கம்பியை இழுத்துப் பார்க்க வேண்டும். இரு குறிகளுக்கு இடையில் இருந்தால் சரி. மேற்குறியைத் தாண்ட வார்ப்பதும் கெடுதியே.

இதில் எதை எடுத்தாலும் ஒரு தன்மை பொது. சரியாகச் செய்தோமா என்பதைக் கண்டுபிடிப்பார் எவருமில்லை. அந்த வாஷர் காரின் அடியில், மண்ணும் எண்ணெயும் படிந்த இடத்தில் இருக்கிறது. மண்டபத்தில் எல்லோரும் பார்க்க நாம் செய்யும் அன்னதானத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். காரை விற்கும்போது சேவிஸ் புத்தகத்தில் திகதியும் கிலோமீற்றரும் எழுதிக் கொடுக்கிறோம். மாற்றாத ஒயிலை மாற்றியதாக எழுதினால், புதிதாக இந்நாட்டுக்கு வந்து முதல் கார் வாங்கும் ஒரு பிள்ளை இரண்டு வருடம் கழித்து எஞ்சின் இறுகி நடுவீதியில் நிற்கும்போது, எழுதியவரின் பெயர் அங்கே வராது. எம்மைப் பொறுத்தவரை, சத்தியம் என்பது பெரும்பாலும் இத்தகைய இடங்களிலேயே சோதிக்கப்படுகிறது.

இனி, தட்டில் கிடக்கும் அந்த நாலு லீற்றரை என்ன செய்வது? இந்தக் கட்டுரையின் பாரம் இங்கேதான் இருக்கிறது.

ஊரில் கழிவு ஒயில் வீணாவதில்லை. வேலிக் கதியாலுக்கும் மரத்தூணுக்கும் கறையான் ஏறாமல் பூசினோம். வண்டில் அச்சுக்கு விட்டோம். மிஞ்சியதைக் கோடியில் ஊற்றினோம். அக்காலத்தில் கார்களும் குறைவு, ஒயிலும் குறைவு. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணக்கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழைநீரே. கல்லிலுள்ள வெடிப்புகளூடாக மேலே ஊற்றியது கீழே போகும். சுன்னாகத்தில் நடந்ததை நாம் அறிவோம். அங்குள்ள மின்நிலையப் பகுதியிலிருந்து வெளியேறிய கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்து, நன்னீர்க் கிணற்றுக்குப் பேர்போன அவ்வூர்ச் சனங்கள் பவுசர் தண்ணீருக்குக் காத்து நின்றார்கள். வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்று, 2019ஆம் ஆண்டு ஏப்ரலில், மின்னுற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பாயிற்று. அத்தொகையைக் கிணறு வைத்திருந்த குடும்பங்களுக்குப் பங்கிட்டுப் பார்த்தால் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வரும் என்பதை வாசகர்களே எண்ணிக்கொள்ளட்டும். அச்செய்தியைக் கேட்டு இங்கிருந்து நாம் கொதித்தோம். கொதித்தது நியாயமே.

இந்த மெல்பேர்ண் நகரில் வீட்டுக் கழிவுநீர் ஒரு குழாயில் போகிறது. வீதியோரக் கானில் விழும் மழைநீர் வேறொரு குழாயில் போகிறது. முன்னது சுத்திகரிக்கப்படுகிறது. பின்னது பெரும்பாலும் அப்படியே ஓடைகளில் விழுகிறது. டண்டினோங் மலைத்தொடரில் பிறந்து, த பேசின் வழியாக இறங்கி, எம்மவர் நெருங்கி வாழும் டண்டினோங்கைக் கடந்து, கடைசியில் பற்றர்சன் ஆறாகப் போட் பிலிப் குடாவில் சேரும் ஓடையை எல்லோரும் தினமும் பாலத்தின்மேல் கடக்கிறோம். வீட்டு வாசலில் உள்ள கானுக்குள் ஊற்றியது அங்கேதான் போகும். ஒரு லீற்றர் ஒயில் பத்து இலட்சம் லீற்றர் நீரைக் கெடுக்கப் போதும் என்பது இந்நாட்டு அரச வெளியீடுகள் கூறும் கணக்கு. குப்பைத் தொட்டியில் போத்தலோடு எறிவதும் அதற்கு ஒப்பானதே, லொறியில் அது நசியும்.

செய்ய வேண்டியதோ மிக இலகு. புதிய ஒயில் வந்த போத்தல்களிலேயே பழையதைத் திருப்பி ஊற்றி, மூடி இறுக்கி, பில்ரரை ஒரு இரவு கவிழ்த்து வடியவிட்டு, நகரசபையின் கழிவு மாற்று நிலையத்தில் கொடுத்தால் போதும். ஒயில் தேய்ந்து அழிவதில்லை. அழுக்கடைகிறது, மருந்து குறைகிறது. சுத்திகரித்தால் மீண்டும் ஒயிலாகும். 2001ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் விற்கும் ஒயிலுக்கு ஒரு வரி அறவிடப்பட்டு, பழைய ஒயிலை மீளப் பாவனைக்குக் கொண்டுவருவோருக்கு ஊக்கப் பணம் வழங்கப்படுகிறது. எனினும் அந்த நிலையம் ஞாயிறு மத்தியானம் பூட்டியிருக்கலாம், வழியில் இல்லாமலும் இருக்கலாம். போத்தல்கள் கராஜின் மூலையில் மாதக்கணக்கில் நிற்கும். இப்பகுதியைச் செய்ய நேரமோ மனமோ இல்லாதவர் முதற்பகுதியைத் தொடங்காமல் இருப்பதே உத்தமம் என்பது எம் துணிபு. சுத்தமான எஞ்சினை எமக்கு வைத்துக்கொண்டு அழுக்கை ஓடைக்குக் கொடுப்பவர், சுன்னாகத்துக்காகக் கையெழுத்து வைக்க வரும்போது சற்றுத் தயங்கத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சிலருக்குக் கசந்தாலும். படித்த பிள்ளை காரின் கீழே படுப்பதா என்ற எண்ணம் எம்மை விட்டு இன்னும் போகவில்லை. ஊரில் கராஜில் நின்றவரை நாம் எப்படி அழைத்தோம்? எம்மிலும் வயதில் மூத்தவராயிருந்தாலும் ‘நீ’ என்றோம். ‘கராஜ்காரப் பொடியன்’ என்றோம். திண்ணைக்கு மேலே அழைத்ததில்லை. அதே கைகள்தான் 1990களின் பொருளாதாரத் தடையின்போது, பெற்றோல் கண்ணாலும் காணக் கிடையாத யாழ்ப்பாணத்தில், பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைச் சில துளி பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டின. நோயாளிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் ஆசுப்பத்திரி போய்ச் சேர்ந்தது அந்தக் கைகளால். அவர்களுக்கு எம் சமூகம் என்ன மரியாதை செய்தது?

சமய நூல்கள் எமக்கு இவ்விடயத்தில் வேறு பாடமே சொல்கின்றன. அப்பர் சுவாமிகள் கையில் இருந்தது உழவாரம். காஞ்சியில் வாழ்ந்த திருக்குறிப்புத் தொண்டர் அடியாரின் அழுக்குத் துணியை வாங்கி வெளுப்பதையே வழிபாடாகக் கொண்டவர். மாலைக்குள் உலர்த்தித் தருவதாகச் சொன்ன ஒரு கந்தைத் துணி மழையால் உலராமற்போக, கல்லில் தலையை மோதத் துணிந்தார் என்று சேக்கிழார் பெருமான் காட்டுகிறார். ஒரு கந்தையைப் பற்றிச் சொன்ன சொல்லுக்கு அவ்வளவு கனம். வருடம் ஒருமுறை குருபூசையில் இக்கதையைக் கேட்டுக் கண்கலங்கும் நாம், பிள்ளையின் நகத்தில் ஒயில் படிந்தால் படிப்புக் கெட்டுவிடும் என்று அஞ்சுவது விநோதம். பெண் பிள்ளைகளையும் இதிலிருந்து விலக்க ஒரு நியாயமும் இல்லை. இரவு வேலை முடிந்து தனியே கார் ஓட்டி வருபவர்களில் அவர்களும் அடக்கம். சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும் என்பதை அறிந்திருப்பது அவர்களுக்கும் தேவை.

அப்படியானால் கராஜ் வைத்துப் பிழைப்பவர் என்ன செய்வார் என்று ஒரு அன்பர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நாம் எமது சட்டையை நாமே நெய்வதில்லை. ஒருவர் தொழிலில் மற்றவர் வாழ்வதே ஊர். எல்லோரும் எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்பது எம் வாதமல்ல. அடுக்குமாடியில் இருப்பவர், முழங்கால் நோ உள்ளவர், இரண்டு வேலை செய்பவர் தாராளமாகக் கராஜுக்குக் கொண்டுபோகட்டும். ஆனால் ஒருமுறையேனும் தன் கையால் செய்தவர் அங்கு போகும்போது, கூலியைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசும் விதம் மாறிவிடுகிறது. கழற்றிய பழைய பில்ரரைக் காட்டும்படி அவர் கேட்பார். அதில் சந்தேகம் ஒன்றும் இல்லை, நல்ல மெக்கானிக் மகிழ்ந்து காட்டுவார். பழைய ஒயிலை எங்கே கொடுக்கிறீர்கள் என்றும் கேட்கலாம். கேட்கும்போது, எம்மவர் வைத்திருக்கும் கராஜானாலும் வேற்றினத்தவர் கராஜானாலும், அவரது பெயரை அறிந்து, ‘நீங்கள்’ என்று கேட்பது நல்லது.